12 வோல்ட் முனையில் ஷார்ட்: மதர்போர்டை வீட்டிலேயே பழுதுபார்க்கலாமா?

தூசுதட்டி

ஆறு ஆண்டுகள் உழைத்த என் கணினி நான்கு நாட்களாக எழவில்லை. பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் கொடுத்தால்தான் மறுபடி அந்த அரைச்சுற்றாவது கிடைக்கிறது. நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாட்டிப் பார்த்தும் இதே கதைதான். பழுதுபார்ப்பவர் ஒருவர் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தப் பிராசசருக்குப் பொருந்தும் போர்டுகள் இப்போது புதிதாக வருவதில்லை. பிராசசர், ரேம் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் நிலையிலும் நான் இல்லை. கையில் ஒரு மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் (சால்டர் என்ற உலோகத்தை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) இருக்கின்றன. முயலலாமா?

நிதானி

வேண்டாம் என்பதே என் கருத்து. ரேடியோவின் ஒற்றை அடுக்குப் பலகையில் பழகிய கை, மதர்போர்டில் ஏமாந்துபோகும். உள்ளே நான்கு, ஆறு என்று செப்பு அடுக்குகள் இருக்கின்றன. நீங்கள் முனையில் கொடுக்கும் சூட்டையெல்லாம் தரை இணைப்புக்கான (கிரவுண்ட்) அடுக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் வெளியான போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாச் சால்டர்தான். பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும். இதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 25 வாட்டை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தால், சால்டர் உருகுவதற்கு முன்பே செப்புத் திட்டு பெயர்ந்து வந்துவிடும். பழைய போர்டு ஒன்றை வாங்கி மாட்டுவதே மலிவான வழி.

ஓம்விதி

நிதானி அவர்கள் சொன்ன வெப்பக் கணக்கில் பிழையில்லை. ஆனால் நண்பர் இன்னும் சால்டரிங் அயர்னைத் தொடவேயில்லை. பழுது எங்கே என்று தேடுவதற்கு மல்டிமீட்டர் போதும், அதற்குச் செலவும் இல்லை. தூசுதட்டி அவர்களே, பிராசசருக்கு 12 வோல்ட் கொடுக்கும் 8 முனைக் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். விசிறி நிற்காமல் சுற்றினால், பழுது பிராசசரைச் சுற்றியுள்ள மின்வழங்கல் பகுதியில் இருக்கிறது என்று பொருள். பிறகு மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, அந்த 8 முனைச் செருகியின் 12 வோல்ட் முனைக்கும் தரை இணைப்புக்கும் இடையே ஓம் அளந்து சொல்லுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போர்டை அடுப்பில் வைத்துச் சூடேற்றும் காணொளிகள் கண்ணில் பட்டால் கடந்துபோய்விடுங்கள். மின்தேக்கி வெடிக்கும், பிளாஸ்டிக் உருகும், அந்தப் புகை நீங்கள் சமைக்கும் இடத்தில் தங்கும்.

தூசுதட்டி

கேபிளைக் கழற்றியதும் விசிறி தொடர்ந்து சுற்றுகிறது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தபோது காட்டிய அளவைக் கழித்தால், 12 வோல்ட் முனைக்கும் தரைக்கும் இடையே 0.4 ஓம் வருகிறது.

நிதானி

அப்படியானால் முடிந்தது. இவ்வளவு குறைந்த ஓம் என்றால் 12 வோல்ட் தரையோடு நேராக இணைந்துவிட்டது, அதாவது ஷார்ட். பிராசசருக்குப் போகும் 12 வோல்ட்டைத் திறந்து மூடும் மின்சுவிட்சான மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கும். ஒரு வோல்ட் அளவில் இயங்கும் பிராசசருக்குள் 12 வோல்ட் நேராகப் பாய்ந்திருக்கும், அதுவும் போயிருக்கும். இதனால்தான் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றேன்.

ஓம்விதி

அந்த முடிவுக்கு வர இந்த ஓர் அளவு போதாது. 12 வோல்ட் நுழையும் இடத்தில் பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு பீங்கான் மின்தேக்கிகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று விரிசல் விட்டு ஷார்ட் ஆனாலும் மீட்டர் இதே அளவைத்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. பிராசசரைக் கழற்றுங்கள், சாக்கெட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சோக்கிலிருந்தும் (மின்னோட்டத்தைச் சீராக்கும் கம்பிச்சுருள்) 12 வோல்ட் முனைக்கும், பிறகு தரைக்கும் அளவெடுங்கள். மேல்பக்க மாஸ்ஃபெட் போயிருந்தால் முதல் அளவும், தரையோடு இணைக்கும் கீழ்ப்பக்க மாஸ்ஃபெட் போயிருந்தால் இரண்டாவதும் சுழியை ஒட்டி நிற்கும். பிராசசர் மாட்டியிருக்கும்போது இதை அளக்க வேண்டாம். நல்ல பிராசசரே மிகக் குறைந்த ஓம் காட்டும் என்பதால், அதை ஷார்ட் என்று எண்ணிப் பலர் நல்ல பாகங்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான்.

தூசுதட்டி

எல்லாச் சோக்குகளிலும் இரண்டு அளவுமே நூறு ஓமுக்கு மேல்தான் வருகின்றன.

நிதானி

சரி, மாஸ்ஃபெட் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மின்தேக்கிகள் எல்லாம் பக்க இணைப்பில் இருப்பவை. எதில் வைத்தாலும் அதே 0.4 ஓம்தான் காட்டும். குற்றவாளி எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாகப் பிடுங்கியா?

ஓம்விதி

மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வோல்ட், இரண்டு ஆம்பியர் என்று வைத்து, பிராசசர் இல்லாத போர்டின் 12 வோல்ட் முனையில் கொடுங்கள். 0.4 ஓமில் இரண்டு ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வாட்டுக்கு மேல் வெப்பம் வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அந்த வரிசையின் மேல் மெல்லியதாகத் தடவினால், எது முதலில் காய்கிறதோ அதுவே பழுதானது. பக்கத்தில் நெருப்பு வேண்டாம், சன்னலைத் திறந்துவையுங்கள்.

நிதானி

எடுப்பதில் மட்டும் என் சொல்லைக் கேளுங்கள். 25 வாட் வேண்டாம். அகன்ற முனையுள்ள 60 வாட்டை இரவல் வாங்கி, ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) இட்டு, புதிய ஈயச் சால்டரை இரு முனைகளிலும் தாராளமாகக் கலந்தால், உருகும் வெப்பநிலை இறங்கும். பாகம் தானாக நகரும்வரை நெம்பக் கூடாது.

தூசுதட்டி

இரண்டு நாள் ஆயிற்று. நீங்கள் சொன்னபடியே சாக்கெட்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது மின்தேக்கி நொடியில் காய்ந்தது. 60 வாட்டில் அதை எடுத்ததும் 12 வோல்ட் முனையில் ஷார்ட் மறைந்துவிட்டது. பிராசசர் இல்லாமல் மின்சாரம் கொடுத்து, எந்தச் சோக்கிலும் 12 வோல்ட் வரவில்லை என்று உறுதிசெய்தபின் பிராசசரை மாட்டினேன், திரை வந்துவிட்டது. காலியான இடத்தை அப்படியே விடலாமா?

ஓம்விதி

வரிசையில் மற்றவை இருப்பதால், சோதிக்கும் அளவுக்கு ஓடும். ஆனால் எஞ்சியவற்றின் மேல் சுமை கூடும். அதே மின்தேக்கு மதிப்புள்ள வேறொன்றை வையுங்கள். இந்தச் சின்னஞ்சிறு பீங்கான் மின்தேக்கியின் மேல் மதிப்பு அச்சிடப்பட்டிருக்காது என்பதால், வீணான பழைய போர்டில் இதே இடத்தில் உள்ளதை எடுத்து அளந்து பொருத்தலாம். தாங்கும் மின்னழுத்தம் குறைந்தது 16 வோல்ட் இருக்க வேண்டும்.

நிதானி

அதை மாற்றும்வரை கனமான விளையாட்டு எதையும் ஓட்டாதீர்கள். பழைய போர்டு வாங்குவதே மேல் என்ற என் கருத்து இன்னும் மாறவில்லை; இரவல் பவர் சப்ளையும் இரவல் 60 வாட்டும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.