மீனைத் தவிர எதையும் தொடாத பூனையை எப்படி மாற்றுவது?

ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற கடற்கரை ஊரில் வசிக்கிறோம். எங்கள் கடுவன் பூனைக்கு மூன்று வயது. குட்டியிலிருந்தே கரையில் கிடைக்கும் காரல், சூடை மீன்களைப் பச்சையாகத் தின்று வளர்ந்தவன். பொங்கலுக்குப் பிறகு உடல் இளைத்துக்கொண்டே வருகிறது, முடி பொலிவிழந்து கொட்டுகிறது. வாந்தி இல்லை, சிறுநீர் தடையின்றிப் போகிறது.

கால்நடை மருத்துவர் குடற்புழு மருந்து கொடுத்தார். சில மீன்களைத் தொடர்ந்து பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும், வேகவைத்தாலும் மீன் மட்டுமே போதாது என்றார். வேகவைத்த மீனுக்குப் பழகிவிட்டான். கோழிக்கறி, ஈரல், முட்டை எதையும் தொடுவதில்லை. கடைத் தீவனத்தை மீன் வேகவைத்த நீரில் ஊறவைத்தும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். கருவாட்டில் உப்பு அதிகம், அது வேண்டாம். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சில நாள் பட்டினியே பூனையின் கல்லீரலைக் கெடுத்துவிடும். அதை ஒருபோதும் செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் கிடைப்பதும் குறையும், விலையும் ஏறும்.

இப்படி மீனுக்கே பழகிய பூனையைக் கோழிக்கறிக்கோ முழுமையான தீவனத்துக்கோ மாற்றியவர்கள், எந்த அளவில் கலக்கத் தொடங்கி, எத்தனை நாளில் மாற்றினீர்கள்?