படக் கோப்புக்குள் சின்னப் பிரதிகள்: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

ஏட்டுப்பெட்டி:
பழைய பத்திரங்களையும் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து டிஃப் கோப்புகளாகச் சேமிக்கும் வேலை செய்கிறேன். சேமிக்கும்போது மென்பொருள் ‘பிரமிடு சேர்க்கவா?’ என்று கேட்கிறது. முழுப் படத்தோடு அதன் பாதி, கால், அரைக்கால் அளவுப் பிரதிகளையும் அதே கோப்புக்குள் அடுக்கி வைப்பதுதான் பிரமிடு. வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு கோப்புக்கு ஒரு படம் போதும். சின்னப் படம் தேவைப்படுகிற மென்பொருள் அதைத் தானே செய்து தனியிடத்தில் வைத்துக்கொள்ளட்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இப்படித்தான் நடக்கிறது. மூலக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் சிறுபடத்தோடு குறித்து வைப்பதால், பழசாகிப் போனதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நிலவரை:
எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நான் செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டுகிறவன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர் பட்டை (ஒரு நிற ஒளியை மட்டும், பிக்ஸலுக்கு 10 மீட்டர் நிலமாகப் பதிந்த படம்) ஒன்று 10,980 × 10,980 பிக்ஸல், அதாவது 12 கோடிக்கும் மேல். பிக்ஸலுக்கு 2 பைட் வைத்தால், சுருக்காத நிலையில் ஒரு பட்டையே 24 கோடி பைட். அந்தக் கோப்பு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. எனக்கு வேண்டியதோ மேகம் மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் படம். நீங்கள் பிரமிடு என்கிற அந்தச் சின்னப் பிரதிகள், அதாவது ஓவர்வியூக்கள், உள்ளே இருந்தால், கோப்பின் தலைப்பகுதியை மட்டும் முதலில் வாங்கி, 687 பிக்ஸல் அகலப் பிரதி எந்த பைட்டில் தொடங்குகிறது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் இறக்கிவிடலாம். சிறுபடத்தைச் செய்து தனியிடத்தில் வைக்கும் நீங்கள் சொல்லும் கேஷ், முழுக் கோப்பையும் ஒருமுறை இறக்கி முடித்தவருக்குத்தான் உதவும்.

இடம் வீணாகும் என்பீர்கள். அகலமும் உயரமும் பாதியானால் பிக்ஸல் காலாகிவிடும்; கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போனாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் தொகுப்பான கலெக்‌ஷன் 2 முழுவதும் ஓவர்வியூ உள்ளே வைத்த இந்த டிஃப் வடிவத்தில்தான் வருகிறது. 2023-ல் ஓஜிசி என்ற புவியிடத் தரவுத் தரநிலை அமைப்பு இதைத் தரநிலையாகவே வெளியிட்டுவிட்டது.

வெளிச்சம்:
நானும் நிலவரை பக்கம். கல்யாண ஃபோட்டோகிராஃபர் நான். கேமராவின் ரா கோப்புக்குள் (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பெரும்பாலும் முழு அளவு ஜேபெக் ஒன்று இருக்கும். எடுத்த உடனே பின்திரையில் பெரிதாக்கி, கண் ஷார்ப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அது அந்த ஜேபெக்தான். மெமரி கார்டு கெட்டுப்போய் ரா தரவு திறக்க முடியாமல் சிதைந்தாலும், உள்ளே இருக்கும் ஜேபெக் பிழைத்திருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு உருவிவிடலாம். தாலி கட்டுகிற படத்தை இன்னொரு தடவை எடுக்கவா முடியும்? உள்ளே ஒரு பிரதி இருப்பது எவ்வளவு தெம்பு என்பது அப்போதுதான் தெரியும்.

ஏட்டுப்பெட்டி:
வெளிச்சம், உங்கள் தொழிலுக்கு அது சரி. ஆனால் அதே பிரதி வேறு ஒருவருக்கு ஆபத்தாகவும் ஆகலாம். ஜேபெக்கில் கேமரா விவரங்கள் இருக்கும் எக்ஸிஃப் பகுதியில் வழக்கமாக 160 × 120 அளவில் ஒரு சிறுபடம் இருக்கும். அந்தப் பகுதி மொத்தமே 64 கேபிக்குள் அடங்க வேண்டும். பல கேமராக்கள் 3:2 படத்தை அந்த 4:3 சட்டத்துக்குள் வைக்க மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுகின்றன. இப்போது நீங்கள் அந்தப் படத்தில் ஒருவரை வெட்டிச் சதுரமாக்குகிறீர்கள் என்று வையுங்கள். சிறுபடத்தைப் புதுப்பிக்காத மென்பொருளாக இருந்தால், வெளியே சதுரம் தெரியும். உள்ளே அதே கறுப்புப் பட்டைகளுக்கு நடுவில் வெட்டப்பட்டவர் நின்றுகொண்டிருப்பார். 2003-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவருக்கு நடந்தது இதுவே. அவர் வெளியிட்டவை வெட்டிய படங்கள், சிறுபடத்தில் இருந்தவை வெட்டாத படங்கள்.

பிரமிடில் இது இன்னும் மோசம். 160 பிக்ஸலில் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் பத்திரத்தில் உள்ள பெயரை முழு அளவுப் படத்தில் மட்டும் கறுப்படித்துவிட்டு, பாதி அளவுப் பிரதியைத் தொடாமல் விட்டால், பெயர் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். பிக்ஸலை மாற்றினால் ஓவர்வியூ தானாக மாறாது. ஜிடால் என்ற வரைபடத் தரவு மென்பொருளிலும் நாம்தான் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும்.

நிரல்மணி:
நான் இரண்டு பக்கமும் இல்லை. பிரதி எதற்கு என்றுதான் கேட்கிறேன். ஜேபெக் 2000 என்ற வேறொரு பட வடிவத்தின் வேவ்லெட் முறையில் சின்ன அளவு என்பது தனிப் பிரதி கிடையாது, அதுவே தரவின் முதல் பகுதி. அதன் மேல் விவரங்களைச் சேர்க்கச் சேர்க்கப் படம் பெரிதாகும். ஒன்று பழசாகி இன்னொன்று புதிதாக நிற்கும் பேச்சே இல்லை. சென்டினல்-2 படங்களை ஐரோப்பிய விண்வெளி முகமை முதலில் கொடுப்பதும் அதில்தானே?

அப்புறம் ஒன்று. ஓவர்வியூ எப்போதும் உண்மை பேசாது. ஒவ்வொரு பிக்ஸலிலும் நிலத்தின் வகையை எண்ணாகக் குறிக்கும் நில வகைப்பாட்டு ராஸ்டரில் 1 நீர், 2 காடு, 3 வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்துச் சுருக்கினால், நீரும் வயலும் சரிபாதியாகக் கலந்த இடம் 2 ஆகிவிடும். இல்லாத காடு முளைத்துவிடும்!

நிலவரை:
அது சுருக்கும் முறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவரின் பிழை. வகைப்பாட்டுக்கு, அதிகமாக இருக்கும் வகையையே எடுக்கும் பெரும்பான்மை முறை இருக்கிறது. ‘அருகிலுள்ள பிக்ஸல்’ முறையிலும் புது வகை முளைக்காது. என்ன, மெல்லிய வாய்க்கால்கள் அங்கங்கே அறுந்து தெரியும்.

ஜேபெக் 2000 அழகான வடிவம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பிரித்துப் படிக்கக் கணினி நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதே சென்டினல்-2 படங்களை ஓவர்வியூ சேர்த்த டிஃப்பாக மாற்றி, தனியாகவும் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஜேபெக்கையும் எட்டில் ஒரு பங்கு அளவில் வேகமாகத் திறக்கலாம்தான், ஆனால் அதற்கும் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நெட்வொர்க்கில் அதனால் என்ன மிச்சம்?

ஏட்டுப்பெட்டி:
சரி, தூரத்து சர்வரில் இருக்கும் பெரிய படத்துக்குப் பிரதி வேண்டும் என்பது புரிகிறது. எங்கள் வேலையில் மூலக் கோப்பு பிரமிடு இல்லாமல், ஒற்றைப் படமாகவே இருக்கும். பெயர்களை மறைக்கிற வேலை முழுவதும் முடிந்த பிறகு, பார்வைக்கு என்று தனி டிஃப் எடுத்து அதில் பிரமிடு கட்டுவோம்.

நிலவரை:
அதில் எனக்குச் சமாதானம் இல்லை. இரண்டு கோப்பானால் அவையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். ஓவர்வியூவைத் தனிக் கோப்பாக வைத்து, நகலெடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டு வந்து கேட்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வெளிச்சம்:
ஏட்டுப்பெட்டி, வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு பார்வைக் கோப்பிலும் உள்ள எல்லாப் பக்கங்களையும் (முழுப் படம், சின்னப் பிரதிகள் எல்லாம்) தனித்தனியாகப் பிரித்தெடுத்துத் திறந்து பாருங்கள். முழுப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘மறைந்துவிட்டது’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஜேபெக் என்றால் எக்ஸிஃப்டூலில் சிறுபடத்தை மட்டும் வெளியே எடுக்கவும் வழி இருக்கிறது, அழிக்கவும் வழி இருக்கிறது.