புதிய வீட்டில் குளியல் நீரைத் தோட்டத்துக்குத் திருப்பக் குழாய்களை எப்படிப் பிரிக்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். தாம்பரத்தை அடுத்த பகுதியில் கீழ்த்தளமும் மேல்தளமுமாக வீடு கட்டி வருகிறோம். கான்கிரீட் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் குளியலறைகளில் குழாய் பதிக்கத் தொடங்குகிறார்கள். பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதால் செப்டிக் டேங்க்தான் அமைக்கிறோம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களுடன் காத்திருந்த நாள்களை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. எனவே குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் தோட்டத்துக்கும், முடிந்தால் கழிப்பறைக்கும் பயன்படுத்த விரும்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே குழாயில் வெளியே கொண்டுவந்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் பிளம்பர். அது சரிப்படுமா? நாங்கள் ஐந்து பேர். தோட்டம் குளியலறைச் சுவரிலிருந்து 30 அடி தள்ளி இருக்கிறது.

பதில் (கட்டடப் பொறியாளர்):
சரிப்படாது ஐயா. கழிப்பறை நீர் ஒருமுறை கலந்துவிட்டால் அதை வீட்டளவில் பிரிக்க வழியில்லை. டைல்ஸ் பதித்த பிறகு மாற்ற நினைத்தால் தரையை உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே மறுபயன்பாட்டை இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குவதாக இருந்தாலும், குழாய்களை இப்போதே பிரித்துவிடுங்கள். கழிப்பறைக்கு 110 மி.மீ. குழாய் தனியாகவும், குளியல் தரை, கைகழுவும் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு 75 மி.மீ. குழாய் தனியாகவும் இறங்கட்டும். சமையலறை நீரில் எண்ணெயும் உணவுத் துணுக்கும் இருப்பதால் அதை இதனுடன் சேர்க்காமல், கொழுப்பு பிடிக்கும் தொட்டி வழியாகச் செப்டிக் டேங்குக்கே விடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் குளிக்க 55, துவைக்க 20, கழிப்பறைக்கு 30 லிட்டர் என்று கொள்வார்கள். அதன்படி உங்கள் வீட்டில் 375 லிட்டர் கிடைக்கும். கழிப்பறைக்கு 150 லிட்டர் போதும்.

மட்டத்தை இன்றே அளந்து பாருங்கள். 40-க்கு 1 என்ற சரிவில் 30 அடிக்குள் குழாய் 9 அங்குலம் இறங்கும். வீட்டின் உள்தளம் வெளித்தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்து, குழாய் அதற்கு ஓரடி கீழே வெளியேறினால், தோட்டத்தை அடையும்போதும் தரைக்கு மேல் 9 அங்குலம் மிஞ்சும், மோட்டார் தேவைப்படாது. வெளிச்சுவரை ஒட்டி ஒரு திருப்பு வால்வு வைத்து, அதன் மறுகிளையைச் செப்டிக் டேங்குக்குக் கொண்டுசெல்லுங்கள். மழைக்காலத்திலும், குழந்தைத் துணி துவைக்கும் நாளிலும், பிளீச்சிங் பயன்படுத்தும் நாளிலும் அந்தக் கிளை அவசியம்.

பதில் (நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர்):
என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது. தொடக்கத்தில் இந்த நீரைச் சம்பில் மூன்று நாள் தேக்கினேன். நாற்றம் வீட்டுக்குள் வந்து, வயதான என் தாயாரால் பின்கட்டில் உட்கார முடியாமல் போயிற்று. குளியல் நீரில் தோல் அழுக்கும் சோப்பும் இருப்பதால் ஒரு நாளுக்கு மேல் நின்றால் அழுகத் தொடங்கிவிடும். இப்போது தேக்குவதே இல்லை. நைலான் வலைப்பையில் நூலும் முடியும் தங்க, ஜல்லி நிரப்பிய பாத்தியில் நீர் நேராக இறங்குகிறது. அதில் கல்வாழையும் வாழையும் செழிப்பாக நிற்கின்றன. நீர்மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும்; மேலே தேங்கினால் கொசு வந்துவிடும். கீரைக்கும் கிழங்குக்கும் இந்த நீரை விடுவதில்லை. சோடியம் மிகுந்த சலவைத்தூள் மண்ணை இறுக்கிவிடுவதால் திரவச் சோப்புக்கு மாறினோம்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேல்தளக் கழிப்பறைக்கும் இந்த நீரை ஏற்றலாமா?

பதில் (கட்டடப் பொறியாளர்):
பாத்தியில் வடிந்த நீரை மணல் வடிகட்டியில் விட்டு, கிருமிநீக்கம் செய்த பிறகே ஏற்றலாம். இப்போதைக்கு ஃப்ளஷ் தொட்டிகளுக்கு வேறு நிறத்தில் ஒரு தனிக்குழாயை மொட்டைமாடி வரை பதித்து, அதற்கென ஒரு சிறு தொட்டி வைத்து நல்ல நீரிலேயே நடத்துங்கள். அந்தத் தொட்டியை நிரப்பும் நல்ல நீர்க்குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு நிற்க வேண்டும். குடிநீர்த் தொட்டியுடன் வால்வு வைத்துக்கூட இணைக்கக் கூடாது. குழிகளை மூடும் முன் எல்லாக் குழாய்களையும் அளவுநாடாவுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.