சான் பிரான்சிஸ்கோ பியர் 7 மீன்பிடி பாலம்: இரை ஓரம் ஒதுங்குது, என்ன செய்யலாம்?

ஹாலிபட்டுக்காக (ஒரு தட்டை மீன்) 2 அவுன்ஸ் உருண்டை ஈயம் போடறேன். நீரோட்டம் இழுத்துத் தூண் பக்கம் ஒதுக்கிடுது. உரிமமும் வேணுமா?

பதில் 1:
உருண்டை உருளத்தான் செய்யும். பிரமிடு வடிவ ஈயம், 4 அவுன்ஸ் போடுங்க, சேத்துல பதிஞ்சு நிக்கும். ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) திரும்பற நேரத்தை ஒட்டி வீசுங்க. முழு இழுப்புல எதுவும் நிக்காது.

பதில் 2:
ஈயம் தூண்டில் நரம்புல நழுவற மாதிரி கோர்த்துடுங்க. ஹாலிபட் இரையைக் கவ்வி மெல்ல விழுங்கும். உடனே சுண்டினா வாயிலிருந்து கழண்டுடும்; கம்பு நல்லா வளையட்டும். நரம்பைப் பிடிச்சு மேலே தூக்காதீங்க, அறுந்துடும். கயிறு கட்டின வட்ட வலையை இறக்கி ஏந்துங்க. 22 அங்குலத்துக்குக் குறைஞ்சா விட்டுடணும்.

பதில் 3:
பொது மீன்பிடி பாலத்துல உரிமம் வேண்டாம், ஆளுக்கு 2 தூண்டில்தான். கரைப் பாறையில நின்னு வீசினா 16 வயசு ஆனவங்களுக்கு உரிமம் கட்டாயம். டஞ்சனஸ் நண்டு ஏறினா உடனே விடுங்க, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள்ள அதுக்குத் தடை.