சுவத்துக்கு அங்கிட்டு அக்கா வீடு, சுத்திப் போனா ஒன்றரை கிலோமீட்டர்

ராமநாதபுரம் பட்டணம்காத்தான் தாண்டி ஈசிஆர் பக்கம் நாங்க வீடு கட்டி எட்டு வருசமாச்சு. பெரியம்மா மக அடுத்த நகர்ல இடம் வாங்குனப்ப எல்லாருக்கும் சந்தோசம், அக்கா வீட்டு குக்கர் விசிலு எங்க அடுப்படிக்கு கேக்கும் ஆனா எங்க தெரு காம்பவுண்டு சுவத்துல முட்டி நிக்குது, அங்கிட்டு போகணும்னா மெயின்ரோட்டுக்கு வந்து லாரிக்கு ஒதுங்கி அவங்க ஆர்ச்சு வழியா நுழையணும். மீன்கொழம்பு தூக்குவாளிய நாற்காலி போட்டு ஏறி சுவத்து மேலதான் கை மாத்துறோம்.

இது முன்ன பனங்காடு. ஆளாளுக்கு ஒரு சர்வே நம்பர வாங்கி பிளாட் போட்டாங்க, ரோடு அந்த எல்லையோட நின்னுருச்சு, பின்னாடி வந்தவரு எங்க ரோட்டுக்கு நேரா ஒரு மனைய வித்துட்டாரு. வாங்குனவரு தெருக்குத்துன்னு சுவத்துல பிள்ளையார் வச்சாரு, வழி வைக்கல. குடத்துல தண்ணி விக்கிற தள்ளுவண்டிக்காரர் எங்க தெருவுக்குள்ள வரவே யோசிக்கிறாரு, திரும்புறதுக்குள்ள டவுன்ல நாலு தெரு முடிச்சிருவாராம்.

அமெரிக்காவுல ஒவ்வொரு சந்திப்புலயும் எத்தன ரோடு கூடுதுன்னு எண்ணி 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, முட்டுச்சந்துன்னா 1, முச்சந்தி 3, நாற்சந்தி 4. 1994 வாக்குல வரைக்கும் புது ரோடெல்லாம் வரவர ஒண்ணோட ஒண்ணு சேராமயே போயி அப்புறம்தான் கொஞ்சம் திருந்திருக்கு. அங்கயாவது வண்டி சத்தம் வேணாம்னு வேணும்னே போட்டாங்க, இங்க பக்கத்து நெலத்துக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேக்காததுதான்.

இதப் படிச்சிட்டு கீழக்கரையில இருந்து ஒருத்தர்:
எங்க ஊரு தலைகீழ். உம்மா வீட்டுல இருந்து சாச்சி வீட்டுக்கு நாலு சந்து வழி இருக்கு, கல்யாணப் பந்தல் ஒண்ணை மறிச்சா அடுத்ததுல பூந்து போயிருவோம். கார் நுழையாது, அது உண்மை. வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் தெருமுனையிலயே நின்னுருச்சு, தூக்கிட்டுத்தான் ஓடுனோம். ஆனா சுத்தல, நேரா ரெண்டு நிமிசம்.

பாம்பன்ல இருந்து இன்னொருத்தர்:
நீங்க ஒரு தெருவுக்கு அழுவுறீங்க, எங்களுக்கு தீவே முட்டுச்சந்து. 1988ல ரோட்டுப்பாலம் தொறக்குற வரைக்கும் ரயில விட்டா படகுதான்னு அப்பா சொல்வாரு. இப்பவும் வண்டிக்கு அந்த ஒரே பாலம், லீவு நாள்னா நடுவுல நிப்பாட்டி போட்டோ எடுக்குறாங்க, பின்னாடி நாங்க வரிசையா ஹாரன் அடிச்சிட்டு நிக்கணும். ராமேஸ்வரம் ரத வீதின்னா ஒண்ணுல தேங்குனா இன்னொண்ணுல சுத்திக்கலாம், தனுஷ்கோடி ரோட்டுல அரிச்சல்முனை வரைக்கும் போயி அதே வழியாத்தான் திரும்பணும்.

திரும்பவும் நான்தான்:
பிள்ளையார் வச்சவர்ட்ட அக்கா பேசுச்சு. அவர் மனை ஓரமா ஒரு ஆள் போற அளவு கதவு வைக்க சம்மதிச்சிட்டாரு. சாவி அவர்ட்டதான் இருக்குமாம், எட்டு மணிக்கு மேல பூட்டிருவாராம். நாற்காலிய இன்னும் எடுக்கல.