100% காட்டிய பேட்டரி: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

தாம்பரம்

தங்கை கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்காகப் பழைய ஐபோன் 13 ஒன்று வாங்கினேன். அந்த மாடல் வந்தது 2021 செப்டம்பரில், நான் வாங்கியது 2024 கடைசியில். கடைக்காரர் முதலில் திறந்து காட்டியதே செட்டிங்ஸில் உள்ள பேட்டரி ஹெல்த் பக்கத்தைத்தான். பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட மின்சாரத்தில் இப்போது எத்தனை சதவீதம் கொள்ளும் என்று காட்டும் பக்கம் அது. 100% என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கேட்ட விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரமே தங்கை அழைத்தாள். "அண்ணா, 30% இருக்கும்போதே அணைஞ்சு போகுது. கேமராவைத் திறந்தா போதும்." சார்ஜரில் போட்டால் உடனே உயிர் வந்து 28% என்று காட்டும். ஹெல்த் பக்கத்தில் மட்டும் அப்போதும் 100%.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு, 500 முழு சார்ஜ் சுற்றுகள் முடியும்போது 80% கொள்ளளவு மிஞ்சும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. இன்று 60%, நாளை 40% செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. தினமும் ஒரு சுற்று ஓடினால் ஒன்றரை வருடத்துக்குள் 500 வந்துவிடும். மூன்று வருடம் ஓடிய போனில் அதே பேட்டரி 100% காட்ட வழியே இல்லை. பேட்டரியை மாற்றியிருக்க வேண்டும், இல்லை எண்ணை மாற்றியிருக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு டெக்னீஷியன் திறந்து காட்டினார். இரண்டுமே நடந்திருந்தது. பழைய பேட்டரியின் தலையில் இருக்கும் சின்ன சர்க்யூட் பட்டையைக் கழற்றி, பேர் ஊர் தெரியாத ஒரு செல்லில் வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டையில் இருக்கும் தன் பழைய சிப் போனுக்குக் கிடைத்துவிடுவதால் 'இது அசல் பேட்டரிதானா என்று தெரியவில்லை' என்ற எச்சரிக்கை வராது. ஹெல்த் எண்ணையும் ஒரு கருவியில் ஏற்றி 100 ஆக்கிவிடலாமாம். "இதுக்கு பூஸ்ட் பண்றதுன்னு பேரு சார்" என்றார். படிக்கப் போகிற பிள்ளைக்கு வாங்கியது என்பதால் இன்னும் மனது ஆறவில்லை. இதுபோல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஈரோடு

தம்பி, எங்கள் வீட்டுக் கதை வேறு. எண்ணே பார்க்காமல் இருந்துவிட்டோம். 2020 ஊரடங்கில் மகனின் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு டேப்லெட் வாங்கினோம். பள்ளி திறந்த பிறகு அது சமையலறை அலமாரிக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும், பாட்டு ஓடும், பக்கத்திலேயே அடுப்பு. போன வருடம் ஒருநாள் துடைக்கும்போது பார்த்தால் திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. பிசின் விட்டுவிட்டது என்று நினைத்து கட்டைவிரலால் அழுத்தி மூடப் பார்த்தேன். நல்லவேளை, வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அதட்டினார்.

பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சார்ஜ் ஏறி இறங்கியதே குறைவுதானே, எப்படித் தேய்ந்தது என்று கடையில் கேட்டேன். எப்போதும் 100 சதவீதத்திலேயே சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகுமாம், அதுதான் உப்பல். குழந்தை மடியில் வைத்துப் பார்க்கும் பொருள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் உள்ள எல்லாப் போனையும் டேப்லெட்டையும் சமமான மேஜையில் மல்லாக்க வைத்து ஆடுகிறதா என்று பார்க்கிறேன்.

மதுரை

என்னுடையது சாம்சங். *#*#4636#*#* அழுத்தினால் பேட்டரி விவரம் வரும் என்று எங்கோ பார்த்து அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. சில போன்களில் மட்டும்தான் வருகிறது. சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொன்னது, எண் தரவில்லை. பிறகு அக்யுபேட்டரி என்ற செயலியைப் போட்டேன். முதல் நாள் 71% என்றது, பயந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு முறை நன்றாக இறங்கவிட்டு ஏற்றிய பிறகு 88%-இல் நின்றது. அது சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்னோட்டத்தை வைத்துத்தான் கணிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கணக்கு தப்புகிறது.

கோவை

நான் 12 வருடமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். தாம்பரம் சார் சொன்ன பூஸ்ட் உண்மை. எங்களிடமும் கேட்டு வருகிறார்கள், நான் செய்வதில்லை.

பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகு 2018 மார்ச்சில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 11.3-இல்தான் இந்த ஹெல்த் பக்கமே வந்தது. ஐபோன் 15 முதல் சுற்று எண்ணிக்கை, தயாரித்த மாதம், முதலில் பயன்படுத்திய மாதம் எல்லாம் கூடவே தெரியும். 600 சுற்று ஓடிய பேட்டரி 100% என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். ஐபேடில் 2024-இல் வந்த எம்2 ஏர், எம்4 ப்ரோ முதல்தான் ஹெல்த் பக்கம் உண்டு. அதற்கு முந்தையவற்றை மேக் கணினியில் மாட்டி கோகோனட்பேட்டரி என்ற மென்பொருளில் பார்க்கலாம்.

செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது நான் செய்வது ஒன்றுதான். போன் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது வாங்கிப் பார்ப்பேன். திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து 15 நிமிடம் வீடியோ எடுப்பேன். நல்ல பேட்டரி ஒவ்வொரு சதவீதமாக இறங்கும். கெட்டது 34, 29, 21 என்று குதிக்கும், இல்லை அணைந்துவிடும். செல்லின் உள்தடை, அதாவது மின்சாரத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை, கூடிவிட்டால், கேமரா அதிக மின்னோட்டம் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும். அந்தப் பிள்ளையின் போனில் நடந்தது அதுதான். பேட்டரி ஹெல்த்தைக் காட்டி அவசரப்படுத்துகிறவரிடம் சோதிக்க 15 நிமிடம் கேட்டுப் பாருங்கள், முகமே சொல்லிவிடும்.

ஈரோடு அக்கா, உப்பிய பேட்டரியைக் குப்பையில் போட்டுவிடவில்லையே? லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

ஈரோடு

இல்லை தம்பி, கடையிலேயே மின்கழிவுக்கு என்று வாங்கிக்கொண்டார்கள்.

தாம்பரம்

கோவை அண்ணா, 15 நிமிட சோதனையை அன்றே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். விற்றவரை அழைத்தால் எடுக்கவே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பணம் கட்டிப் புது பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது 5% வரை இறங்கினாலும் கேமரா திறக்கிறது. நேற்று தங்கை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஹெல்த் 94%. குறைந்துவிட்டதே என்று அவளுக்குக் கவலை, எனக்கு நிம்மதி.