குதிரைக்குப் பின்மூடி

சனிக்கிழமை, மாலை 5:42

அத்தை: நாளைக் காலை 6:40க்கு ரயில் வந்துவிடும். இரண்டு பெட்டி, ஒரு பெரிய பை. ஸ்டேஷனுக்கு யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: நான்.

பெரியப்பா: இல்லை, முடியாது. என் வண்டிக்கு முன்னால் குதிரை நிற்கிறது.

அத்தை: நகர்த்தச் சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: எங்கே நகர்த்துவது? பின்னங்கால் இரண்டும் அந்தரத்தில்.

அண்ணன்: அத்தை, பயப்பட ஒன்றும் இல்லை. பின் டிப்பரன்ஷியலுக்குப் புது மூடி போடுகிறேன். பின் சக்கரங்களுக்கு நடுவில் குடம் மாதிரி ஒன்று தொங்கும் இல்லையா, அதுதான் டிப்பரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுவது அதன் வேலை. நம் குதிரை, அதாவது ஃபோர்டு மஸ்டாங் கார், 2012 மாடல். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே நீள ஆக்ஸில். 2015 மாடலில்தான் எல்லா மஸ்டாங்குக்கும் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. இந்த ஆக்ஸிலில் மூடி வெறும் எஃகுத் தகடு, பத்து போல்ட். ஆயிலை வடிக்க அடியில் பிளக் கிடையாது. ஆயில் மாற்றுவதற்கே மூடியைக் கழற்ற வேண்டும். புதியது கனமான வார்ப்பு அலுமினியம். வடிக்கப் பிளக் இருக்கிறது, அதன் நுனியில் காந்தம் இருக்கிறது.

அத்தை: நான் ரயிலைப் பற்றிக் கேட்டேன் மருமகனே.

தங்கை (பெரியப்பா மகள்): அத்தை, அவனிடம் மணி கேட்டால் கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுப்பான்.

பெரியம்மா: என் நீல டப் எங்கே?

பெரியம்மா: துணி ஊற வைக்கும் டப்.

அண்ணி: நான் எதுவும் சொல்லவில்லை.

அப்பா: வாசலில் என்ன நாற்றம்? அழுகிய முட்டை மாதிரி.

அண்ணன்: கியர் ஆயில் அப்பா. அதில் கந்தகம் கலந்த மருந்து சேர்த்திருப்பார்கள். டிப்பரன்ஷியலுக்குள் கிரவுன் என்று பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்று சின்னது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் அப்படி. 1926இல் பேக்கார்ட் கார்களில் வந்த ஏற்பாடு. சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் நிற்காது.

பெரியம்மா: டப்பில் ஆயிலா ஊற்றினாய்?

அண்ணன்: இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. கழுவித் தருகிறேன் பெரியம்மா.

பெரியம்மா: கழுவ வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

மாமா: ரயிலில் சிக்னல் சரியில்லை. முடிவு என்ன?

அப்பா: இறக்கித் தள்ளிவிடலாம். அவ்வளவுதானே.

அண்ணன்: இப்போது முடியாது. மூடியின் விளிம்பில் கசியாமல் இருக்கச் சிலிக்கான் பசை போட்டு மூடியிருக்கிறேன். போல்ட்டுகளின் உட்பக்கமாக, நடுவில் விடாமல், ஒரே கோடாக. விரலால் முடுக்கி ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் முறைப்படி இறுக்க வேண்டும். அது காய 24 மணி நேரம். காயுமுன் ஆயில் ஊற்றினால் மறுபடி கசியும்.

தங்கை: "மறுபடி" என்றால்?

பெரியப்பா: நல்ல கேள்வி.

அண்ணன்: போன மாதம் தரையில் சொட்டியது. அதற்காகத்தான் இந்த வேலையே.

பெரியப்பா: மூடியிலிருந்து ஒழுகியதா, ஆயிலைத் தடுக்கும் வளையம் இருக்கிறதே, அந்தச் சீலிலிருந்தா?

அண்ணன்: அந்தப் பக்கம் முழுக்க ஈரமாக இருந்தது.

பெரியப்பா: ஆக்ஸில் குழாயின் மேல் மூச்சுத்துளை இருக்குமே. பார்த்தாயா?

அப்பா: அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா: ஓடும்போது ஆயில் சூடாகும், உள்ளே காற்று விரியும். துளை மண்ணடைத்திருந்தால் காற்று போக வழியில்லை, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அப்போது எந்த மூடி போட்டாலும் ஒழுகும்.

மாலை 6:20

தங்கை: அண்ணன் வாசலுக்கு ஓடுகிறான்.

அண்ணி: டார்ச்சோடு.

அத்தை: இப்போது ஸ்டேஷனுக்கு?

மாமா: வாடகை வண்டி பிடித்துக்கொள்கிறோம்.

அத்தை: வேண்டாம். போன தடவை வாடகை வண்டியில் வந்ததற்கு ஒரு வருஷம் பேச்சு வாங்கினேன்.

பெரியம்மா: யார் பேசியது?

அத்தை: விடுங்கள் அண்ணி.

மாலை 6:51

அண்ணன்: அடைத்துத்தான் இருந்தது. ஊசியால் எடுத்துவிட்டேன்.

பெரியப்பா: 👍

அப்பா: அப்படியானால் பழைய மூடியே போதுமே.

அண்ணன்: ஒழுகலுக்கு மட்டும் இல்லை அப்பா. இந்த மூடியில் இரண்டு நீள போல்ட் உள்ளே போய் பேரிங் கேப்பை, அதாவது கிரவுனின் பேரிங்கைப் பிடித்திருக்கும் பட்டையை, முட்டும். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. வேகமாகக் கிளம்பும்போது பினியன் கிரவுனைத் தள்ளும், கேப் பின்னால் வளையப் பார்க்கும். இது தாங்கும். மெதுவாகத் தொடும் அளவுக்குத்தான் முடுக்க வேண்டும், அதிகம் முடுக்கினால் அதுவே பேரிங்கைக் கெடுக்கும். அப்புறம் பின்பக்கம் வரிவரியாகத் தகடுகள், சூடு சீக்கிரம் இறங்கும்.

பெரியப்பா: வண்டிக்கு அடியில் காற்று அங்கே எவ்வளவு போகிறது?

அண்ணன்: கொஞ்சம் போகும்.

பெரியப்பா: கொஞ்சம்.

அண்ணன்: ஆயிலும் கூடுதலாகக் கொள்ளும்.

தங்கை: இதுவரை எத்தனை தடவை ரேஸ் டிராக்கில் ஓட்டியிருக்கிறாய்?

அண்ணி: ஒன்று. மழை வந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்பா: போல்ட்டை அளவாக இறுக்கும் என் டார்க் ரெஞ்ச் உன்னிடம் இருக்கிறதா?

அண்ணன்: பெரியப்பாவிடம்.

பெரியப்பா: நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா: எப்போது?

பெரியப்பா: ஸ்கூட்டரைப் பிரித்துவிட்டு மூன்று போல்ட் மீதி வைத்தாயே, அப்போது.

அப்பா: ஸ்கூட்டர் ஓடியதா இல்லையா?

பெரியப்பா: ஓடியது. நிற்கத்தான் இல்லை.

தங்கை: சித்தப்பாவுக்கு இன்று தூக்கம் போச்சு.

நான்: ரெஞ்ச் ஷெட் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

அண்ணன்: கிடைத்தது. பத்தையும் குறுக்கு நெடுக்காக இறுக்குகிறேன். அலுமினிய விளிம்பு தடிப்பு, பழைய போல்ட் நாலு மரை கூடப் பிடிக்காது. கூட வந்த நீள போல்ட் போட்டிருக்கிறேன். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் பாருக்கும் மூடிக்கும் விரல் போகும் இடைவெளி. ஆக்ஸில் கீழே உட்கார்ந்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நாளை மாலை ஆயில், ஊற்றும் துளையிலிருந்து 6 முதல் 14 மி.மீ. கீழே வரைக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்புக்குத் தனி மருந்து 118 மி.லி. அது இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அடிக்கும்.

பெரியப்பா: அந்த 118ஐ வாங்கிவிட்டாயா?

அண்ணன்: நாளைக் காலையில் வாங்க வேண்டும்.

அத்தை: எந்த வண்டியில் போய்?

பெரியம்மா: அப்படிக் கேளுங்கள்.

அப்பா: காலை 5:30க்கு இறக்கி மெதுவாகத் தள்ளலாம். பத்தடிக்குப் பல்சக்கரத்தில் ஒட்டியிருக்கிற ஆயிலே போதும். நாலு பேர் வேண்டும்.

தங்கை: அலாரம் வைக்கிறேன், எழுவேனா தெரியாது.

நான்: வருகிறேன். ஸ்டியரிங் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பா: தள்ளவும் ஆள் வேண்டும்.

பெரியப்பா: எனக்கு முதுகு. வாசல் வேறு சரிவு. அது ஒன்றரை டன்னுக்கு மேல். ஹேண்ட்பிரேக் அருகில் ஒருவர் உட்கார வேண்டும்.

அண்ணன்: 5:30க்குச் சிலிக்கானுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

பெரியப்பா: ஆயில் இல்லாமல்தானே தள்ளப்போகிறோம். அதற்கு என்ன?

அண்ணன்: சரி. ஆனால் யாரும் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளாதீர்கள், பெயின்ட்.

அப்பா: பின்பக்கத்தில் கை வைக்காமல் எப்படித் தள்ளுவது?

இரவு 9:05

மாமா: இப்போதுதான் சிக்னல் வந்தது. எல்லாம் படித்தேன். யார் வருகிறீர்கள்?

பெரியம்மா: என் டப் இன்னும் வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது.